“டார்கெட் போட்டு ஸ்டென்ட் வைக்கிறார்களாம்… அப்பாவின் மாத்திரைகளையும் நிறுத்திவிட்டோம்”

பெயர் வெளியிட விரும்பாத வாசகி ஒருவர் நீண்ட கடிதம் அனுப்பியிருந்தார். அதன் சுருக்கம் இது.

அவருடைய அப்பாவுக்கு 64 வயது. ஐந்து மாதங்களாக வேகமாக நடந்தாலோ மாடி ஏறினாலோ நெஞ்சை அழுத்துகிறது. நின்றால் இரண்டு மூன்று நிமிடத்தில் விட்டுவிடுகிறது. டிரெட்மில் பரிசோதனையில் சந்தேகம் வரவே, ஒரு பெரிய மருத்துவமனையில் ஆஞ்சியோகிராம் செய்தார்கள். வலது இதய ரத்தக்குழாயில் 80 சதவீத அடைப்பு. அப்பா இன்னும் மேஜையில் படுத்திருக்கும்போதே மகளை உள்ளே கூப்பிட்டுத் திரையைக் காட்டி, “இது டைம் பாம். இப்போதே ஸ்டென்ட் வைத்துவிடலாம், பத்து நிமிடத்தில் முடிவு சொல்லுங்கள்” என்றார்கள். ஸ்டென்ட் என்பது அடைத்த குழாயை விரித்துப் பிடிக்க உள்ளே வைக்கும் சிறு வலைக்குழாய். மகள் கையெழுத்துப் போடவில்லை. மாத்திரைகளை எழுதி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார்கள்.

அந்த மருத்துவமனையின் நிர்வாகப் பிரிவில் இருக்கும் தோழி ஒருவர் அப்புறம் ஒரு படம் அனுப்பியிருக்கிறார். ஒவ்வொரு இதய மருத்துவரும் அந்த மாதம் எத்தனை ஸ்டென்ட் வைத்தார், டார்கெட் எவ்வளவு என்று காட்டும் அட்டவணை. வீட்டில் எல்லோரும் கொதித்துப் போனார்கள். “எல்லாமே வியாபாரம்” என்று அப்பா அந்த மருத்துவமனை கொடுத்த மாத்திரைகள் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார். மூன்று வாரம் ஆகிறது. பதிலுக்கு, அடைப்பைக் கரைக்கும் என்று விளம்பரம் செய்யப்படும் ஒரு மூலிகை கேப்சூலை இணையத்தில் வாங்கிச் சாப்பிடுகிறார். மூட்டு வலிக்கு டைக்ளோஃபெனாக் மாத்திரையைத் தானாகவே அடிக்கடி போட்டுக்கொள்கிறார். “நெஞ்சு அழுத்தம் இப்போது கொஞ்சம் அடிக்கடி வருவது போலிருக்கிறது, ஆனால் சமாளித்துக்கொள்கிறார்” என்று ஒரு வரி, நடுவில்.

வாசகியின் கேள்விகள்: எங்களை ஏமாற்றப் பார்த்தார்களா? மாத்திரைகளை நிறுத்தியது சரிதானே? வியாபாரத் தொடர்பே இல்லாத மருத்துவரை எப்படிக் கண்டுபிடிப்பது? தோழி தந்த படத்தை வெளியிட்டு அந்த மருத்துவரை அம்பலப்படுத்தலாமா?

அன்புள்ள வாசகி,

டார்கெட், ஸ்டென்ட் எல்லாவற்றையும் விட என்னைப் பதற வைத்தது நடுவில் வந்த அந்த ஒரு வரிதான். அதனால் அவசரமான பகுதியை உங்களுக்கு அன்றே தனியாக எழுதி அனுப்பினோம். அன்று மாலையே அப்பாவை அழைத்துக்கொண்டு போனதாகவும், ஈசிஜியிலும் ரத்தப் பரிசோதனையிலும் மாரடைப்புக்கான அடையாளம் இல்லை என்றும், மாத்திரைகள் மறுபடி ஆரம்பிக்கப்பட்டு வலி பழைய நிலைக்கு இறங்கிவிட்டது என்றும் பதில் போட்டிருந்தீர்கள். நல்லது. மற்ற வாசகர்களுக்காக அந்தப் பகுதியை மறுபடியும் சொல்லிவிட்டு மீதிக்குப் போகிறேன்.

முதலில் மாத்திரை

நடந்தால் வரும், நின்றால் போகும் என்று மாதக்கணக்கில் ஒரே மாதிரி இருக்கும் நெஞ்சு வலி ஒரு வகை. அதே வலி முன்பைவிட அடிக்கடி வந்தால், குறைவான வேலைக்கே வந்தால், சும்மா உட்கார்ந்திருக்கும்போது வந்தால், அது வேறு வகை, அவசரம். வலி 15 நிமிடத்துக்கு மேல் நீடித்தாலோ, வியர்வை, மூச்சுத்திணறல், மயக்கம் சேர்ந்துகொண்டாலோ, எந்த மருத்துவமனை நல்லது என்று விவாதிக்க நேரமில்லை. அருகில் இதய சிகிச்சை வசதி உள்ள இடத்துக்கு உடனே போக வேண்டும். அப்படிப்பட்ட நேரத்தில் வைக்கும் ஸ்டென்ட் உயிரைக் காப்பாற்றுகிறது. அதில் மருத்துவ உலகில் சண்டையே இல்லை. நீங்கள் எங்காவது படித்திருக்கக்கூடிய “ஸ்டென்ட் தேவையில்லை” என்கிற ஆய்வுகள் நிலையான வலி உள்ளவர்களைப் பற்றியவை. இந்த வேறுபாடு தெரியாமல் ஸ்டென்டை வெறுத்தால் அதுவே ஆளைக் கொல்லும்.

அப்பா நிறுத்திய மாத்திரைகளில் ஒன்று பீட்டா பிளாக்கர், இதயத் துடிப்பையும் அதன் சுமையையும் குறைக்கும் மருந்து. இதயக் குழாயில் அடைப்பு உள்ளவர் அதைத் திடீரென்று விட்டால் வலி முன்பைவிட மோசமாகத் திரும்பி வரலாம், மாரடைப்பு கூட வரலாம். நிறுத்துவதென்றால் மருத்துவர் சொல்லி, படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். டைக்ளோஃபெனாக் விஷயமும் லேசானதில்லை. மாரடைப்பு அபாயத்தைக் கூட்டுகிறது என்பதால், ஏற்கெனவே இதயக் குழாய் நோய் உள்ளவர்களுக்கு அதைக் கொடுக்கவே கூடாது என்று ஐரோப்பிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2013-ல் எச்சரித்தது. மூட்டு வலிக்கு வேறு வழி இருக்கிறது. அடுத்த முறை போகும்போது அதையும் கேளுங்கள். தானாக வாங்கிப் போடுவதால் இது கேஸ் ஷீட்டில் எங்கேயும் இருக்காது, நீங்கள் சொன்னால்தான் மருத்துவருக்குத் தெரியும்.

அப்புறம் அந்த மூலிகை கேப்சூல். வியாபாரத்திலிருந்து தப்பிக்கிறோம் என்று நினைத்து, கேள்வி கேட்க ஆளில்லாத இன்னொரு வியாபாரத்திடம் போயிருக்கிறீர்கள். ஸ்டென்டுக்காவது ஆய்வு இருக்கிறது, விவாதம் இருக்கிறது, தவறு செய்தால் இழுத்து நிறுத்த ஓர் அமைப்பு இருக்கிறது. அடைப்பைக் கரைக்கும் கேப்சூலுக்கு விளம்பரம் மட்டுமே இருக்கிறது.

உங்களை ஏமாற்றப் பார்த்தார்களா?

நேரில் பார்க்காமல் ஒரு மருத்துவரின் மனதைப் படிக்க என்னால் முடியாது. ஆனால் உங்களுக்குச் சொல்லப்பட்ட காரணம் சரியா என்று பார்க்கலாம்.

“80 சதவீத அடைப்பு, டைம் பாம்” என்பதற்குப் பின்னால் ஒரு குழாய்க் கணக்கு இருக்கிறது. தண்ணீர்க் குழாயில் கசடு அடைத்தால் அந்த இடத்தைச் சுத்தம் செய்தால் போதும், அதே மாதிரிதான் இதயமும் என்பது. கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் பல மாரடைப்புகள் மிகக் குறுகலான இடத்தில் வருவதில்லை. குழாய்ச் சுவரில் மெத்தென்று படிந்த கொழுப்பு ஒன்று, அது 40 சதவீத அடைப்பாகக் கூட இருக்கலாம், திடீரென வெடித்து, அதன் மேல் ரத்தம் உறைவதால் வருகிறது. ஸ்டென்ட் ஓர் இடத்தை மட்டும் விரிக்கிறது. மாத்திரைகள் எல்லாக் குழாய்களிலும் உள்ள கொழுப்பின் மீதும் ரத்தம் உறைவதன் மீதும் வேலை செய்கின்றன.

2007-ல் வெளியான ‘கரேஜ்’ ஆய்வில், நிலையான வலி உள்ள 2,287 பேரில் ஒரு பாதிக்கு நல்ல மருந்து மட்டும், மறு பாதிக்கு அதே மருந்தோடு ஸ்டென்டும். மரணத்திலும் மாரடைப்பிலும் வித்தியாசம் தெரியவில்லை. 2020-ல் வெளியான ‘இஸ்கீமியா’ ஆய்வு இன்னும் பெரியது, 5,179 பேர். ஸ்டென்ட் அல்லது பைபாஸை முதலிலேயே செய்தவர்களுக்கும், மருந்தோடு ஆரம்பித்து தேவைப்பட்டால் மட்டும் செய்தவர்களுக்கும் இடையில் இங்கேயும் மரணத்தையும் மாரடைப்பையும் சேர்த்துப் பார்த்ததில் பெரிய வித்தியாசமில்லை. ஆனால் அடிக்கடி வலி வந்துகொண்டிருந்தவர்களுக்கு, சிகிச்சை செய்த பிறகு வலி நன்றாகக் குறைந்தது. இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஸ்டென்டே வேண்டாம் என்று பேசுகிறவர்கள் பாதியைத்தான் சொல்கிறார்கள்.

இந்த ஆய்வுகள் எல்லோருக்கும் பொருந்தாது என்பது முக்கியம். இடது பிரதானக் குழாயில், ‘லெஃப்ட் மெயின்’ என்பார்களே, அங்கே கணிசமான அடைப்பு இருப்பவர்களும், இதயத்தின் பம்ப் திறன் மிகவும் குறைந்தவர்களும் இஸ்கீமியா ஆய்வில் சேர்க்கப்படவில்லை. நீங்கள் அனுப்பிய அறிக்கையின்படி அப்பாவுக்கு அங்கே அடைப்பு இல்லை. எக்கோ என்கிற இதய ஸ்கேனில் பம்ப் திறனும் இயல்பு. வலியும் இப்போது பழைய நிலைக்கு வந்துவிட்டது. ஆகவே அன்று மேஜையில் “பத்து நிமிடத்தில் சொல்லுங்கள்” என்று உங்களை நெருக்கியதற்கு மருத்துவக் காரணம் எனக்குத் தெரியவில்லை. ஆஞ்சியோகிராமையும் ஸ்டென்டையும் ஒரே தடவையில் முடித்தால் இரண்டாவது முறை ஊசி குத்த வேண்டாம் என்கிற வசதி உண்டு, அதை மறுக்கவில்லை. அப்படியென்றால் அந்தப் பேச்சு அப்பா மேஜையில் ஏறுவதற்கு முந்தின நாளே நடந்திருக்க வேண்டும். “குறுகல் தெரிந்தால் என்ன செய்யலாம், மருந்து மட்டும் போதுமா, ஸ்டென்ட் வைத்தால் என்ன கிடைக்கும்” என்று அவரிடமே, அவர் தெளிவாக இருக்கும்போது.

அதற்காக அந்த மருத்துவர் பொய் சொன்னார் என்று முடிவு கட்டாதீர்கள். எனக்குத் தெரிந்த இதய மருத்துவர்களில் பலர் குறுகலைத் திறந்தால் நல்லது என்று மனதார நம்புகிறார்கள். திறந்ததும் நோயாளி “இப்போது நன்றாக இருக்கிறது” என்கிறார், நம்பிக்கை உறுதிப்படுகிறது. 2017-ல் பிரிட்டனில் ஓர் ஆய்வு இதைச் சோதித்துப் பார்த்தது. 200 பேர். எல்லோரையும் அறுவை அரங்குக்குக் கொண்டுபோனார்கள். பாதிப் பேருக்கு ஸ்டென்ட் வைத்தார்கள், மீதிப் பேருக்கு வைக்காமலே வைத்தது போல் காட்டினார்கள். ஆறு வாரம் கழித்து நடக்கவிட்டுப் பார்த்தால், இரண்டு குழுவுக்கும் நடக்கும் நேரத்தில் குறிப்பிடத்தக்க வித்தியாசமில்லை. அதே ஆய்வாளர்கள் 2023-ல், வலிக்கான மாத்திரைகளை நிறுத்தியவர்களிடம் மறுபடி செய்தபோது, ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு வலி குறைந்தது. ஆக ஸ்டென்ட் வலியைக் குறைக்கும். ஆனால் ஆயுளைக் கூட்டும் என்று நிலையான நோயாளியிடம் சொல்லத்தான் ஆதாரம் போதாது. “டைம் பாம்” என்கிற வார்த்தை இந்த இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறது.

டார்கெட் அட்டவணை சொல்வது என்ன, சொல்லாதது என்ன

அந்த அட்டவணை முறையற்றதுதான், சந்தேகமே இல்லை. சிகிச்சையின் எண்ணிக்கையை வைத்து மருத்துவரை அளக்கும் நிர்வாகம் ஆபத்தான நிர்வாகம். எல்லை மீறினால் எங்கே போய் முடியும் என்பதற்கு உதாரணம் உண்டு. 2002-ல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஒரு மருத்துவமனையை எஃப்.பி.ஐ. சோதனை போட்டது. தேவையில்லாதவர்களுக்கு இதய அறுவை சிகிச்சை செய்ததாகப் புகார். கடைசியில் அதன் உரிமையாளரான டெனெட் நிறுவனம் நோயாளிகளோடு சமரசத்துக்கு மட்டும் 39.5 கோடி டாலர் கொடுத்தது.

ஆனால் அட்டவணை இருப்பதால் உங்கள் அப்பாவுக்குச் சொன்ன ஆலோசனை தவறு என்று ஆகிவிடாது. டார்கெட் உள்ள மருத்துவமனையிலும் உண்மையிலேயே ஸ்டென்ட் தேவைப்படும் நோயாளி வருவார். இதைச் சொல்வது அந்த மருத்துவமனைக்கு வக்காலத்து வாங்க இல்லை. யாருக்கு லாபம் என்று மட்டும் பார்த்து மருத்துவத்தில் முடிவெடுக்க முடியாது என்பதற்காக. இதற்கு நான் எப்போதும் சொல்லும் உதாரணம் ஒரே நிறுவனத்தின் இரண்டு மருந்துகள்.

1994-ல் ஸ்காண்டிநேவிய நாடுகளில் 4,444 இதய நோயாளிகளிடம் சிம்வாஸ்டாட்டின் என்கிற கொழுப்பு மாத்திரையைப் பரிசோதித்தார்கள். பணம் போட்டது அதைத் தயாரித்த மெர்க் நிறுவனம். ஒப்பிடுவதற்காகக் கொடுத்த, மருந்தில்லாத மாத்திரையைச் சாப்பிட்டவர்களில் 256 பேர் இறந்திருந்தார்கள், மருந்து சாப்பிட்டவர்களில் 182 பேர். முடிவு உண்மையானது, பின்னால் வந்த பல ஆய்வுகளும் இந்த வகை மருந்துகளான ஸ்டாட்டின்களின் பலனை உறுதிப்படுத்தின. அதே மெர்க் 1999-ல் வயோக்ஸ் என்கிற வலி மாத்திரையைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. 2000-ல் வந்த ஆய்விலேயே பழைய மாத்திரையைவிட இதில் மாரடைப்பு அதிகம் என்று தெரிந்தது. “பழைய மாத்திரை இதயத்தைக் காப்பாற்றியிருக்கும், அதனால்தான் அந்த வித்தியாசம்” என்று விளக்கம் சொல்லி விற்பனை தொடர்ந்தது. 2004 செப்டம்பரில்தான் வாபஸ். அந்த ஆய்வை வெளியிட்ட மருத்துவ இதழே, மூன்று மாரடைப்புகள் கட்டுரையில் விடுபட்டிருந்ததாக 2005-ல் கவலைக் குறிப்பு எழுதியது. ஆக, “கம்பெனி பணம் போட்டது” என்பதை மட்டும் வைத்து எது உண்மை, எது பொய் என்று சொல்லிவிட முடியாது. எத்தனை பேரிடம், எதோடு ஒப்பிட்டு, என்ன நடந்தது, மற்றவர்கள் செய்து பார்த்தபோதும் அதேதானா என்று பார்க்க வேண்டும்.

இதில் உங்கள் வீட்டுக்கு நேரடியாகப் பொருந்துவது ஒன்று இருக்கிறது. அப்பா கோபத்தில் நிறுத்திய ஆஸ்பிரின், ஸ்டாட்டின், பீட்டா பிளாக்கர் எல்லாம் காப்புரிமை முடிந்து பல நிறுவனங்கள் செய்யும் பழைய மருந்துகள். இவற்றில் பெரிய லாபம் கிடையாது. இவற்றை விற்க எந்த மருந்து கம்பெனி ரெப்பும் என் அறை வாசலில் காத்திருப்பதில்லை. மருத்துவமனை உங்களுக்குத் தந்தவற்றில் வியாபார அழுத்தம் மிகக் குறைவாகவும் ஆதாரம் மிக அதிகமாகவும் இருந்தது இந்த மாத்திரைகளில்தான். வியாபாரத்தின் மீது வந்த கோபத்தை அவற்றின் மீது காட்டிவிட்டீர்கள்.

வியாபாரத் தொடர்பே இல்லாத மருத்துவர்

அப்படி ஒருவரைத் தேடி அலையாதீர்கள், கிடைக்க மாட்டார். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். நான் ஸ்டென்ட் வைப்பவன் இல்லை, கம்பெனிப் பணத்தில் எந்த மாநாட்டுக்கும் போவதில்லை. ஆனால் பார்க்கும் நோயாளிக்கு ஃபீஸ் வாங்குகிறேன். “அடுத்த மாதம் வந்து காட்டுங்கள்” என்று சொல்லும்போது அதில் எனக்கும் வருமானம் இருக்கிறது. அமெரிக்காவில் 2,79,000-க்கும் மேற்பட்ட மருத்துவர்களின் மருந்துச் சீட்டுகளை வைத்து 2016-ல் வந்த ஆய்வு ஒன்றில், கம்பெனி வாங்கித் தந்த ஒரே ஒரு வேளைச் சாப்பாட்டுக்கும் அந்த கம்பெனியின் மருந்தை அதிகம் எழுதுவதற்கும் தொடர்பு தெரிந்தது. சாப்பாட்டின் சராசரி மதிப்பு 20 டாலருக்கும் குறைவு. அவர்களில் யாரைக் கேட்டாலும் “சாப்பாட்டுக்காக மருந்து எழுதுவேனா” என்று கோபப்படுவார்கள். உண்மையாகவே கோபப்படுவார்கள். சிக்கலே அங்கேதான்.

சிகிச்சைக்கு ஏற்ப பணம் கிடைக்கும் இடத்தில் அதிகம் செய்யத் தோன்றும். தலைக்கு இவ்வளவு என்று மொத்தமாகப் பணம் கிடைக்கும் இடத்தில் குறைவாகச் செய்யத் தோன்றும். இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சிகிச்சையை மறுப்பதில் லாபம். எனவே வெவ்வேறு பக்கம் சாய்வுள்ள இரண்டு பேரிடம் கேளுங்கள். அப்பாவுக்கு நான் சொல்வது இது: ஆஞ்சியோகிராம் சிடி, எக்கோ, டிரெட்மில் அறிக்கை, மாத்திரைச் சீட்டு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு, தானே ஸ்டென்ட் வைக்காத ஒரு இதய மருத்துவரையோ, வேறு மருத்துவமனையில் இருப்பவரையோ பாருங்கள். முதல் மருத்துவர் சொன்னதைத் தொடக்கத்தில் சொல்ல வேண்டாம். அவர் தன் கருத்தைச் சொன்ன பிறகு சொல்லுங்கள்.

அங்கே கேட்க வேண்டியவை

“ஸ்டென்ட் வைத்தால் அப்பாவின் ஆயுள் கூடுமா, வலி மட்டும் குறையுமா?” இதற்கு நேரான பதில் வாங்காமல் எழுந்து வராதீர்கள்.

“இப்போதே வைக்காமல் மூன்று மாதம் மருந்தைச் சரியாகச் சாப்பிட்டுப் பார்த்தால் என்ன நஷ்டம்?” மருந்தின் அளவை இன்னும் கூட்ட இடமிருக்கிறதா என்பதும் இதில் வரும். பலருக்கு மருந்து முழு அளவில் முயற்சி செய்யப்படாமலே ஸ்டென்ட் பேச்சு ஆரம்பித்துவிடுகிறது.

“எந்த அறிகுறி வந்தால் இந்த முடிவு மாறும்?” பதிலைத் தாளில் எழுதி வாங்கி, வீட்டில் எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி ஒட்டுங்கள்.

அப்பாவிடமும் ஒரு கேள்வி உண்டு, அதை நீங்கள் கேட்கவே இல்லை என்று கடிதத்திலிருந்து தெரிகிறது. இந்த வலி அவர் வாழ்க்கையை எவ்வளவு கட்டிப்போடுகிறது? தினமும் செய்ய விரும்பும் வேலைகளைச் செய்ய முடியாமல் தவிக்கிறார் என்றால், மருந்தைக் கூட்டியும் குறையவில்லை என்றால், வலி குறைவதற்காக ஸ்டென்ட் வைத்துக்கொள்வது முழுக்க நியாயமான முடிவு. “கடைசியில் அவர்கள் சொன்னதற்கே போய்விட்டோமே” என்று தோற்றுப்போனது போல் நினைக்கத் தேவையில்லை.

நீங்கள் பார்க்காத ஆபத்து

கடிதம் முழுக்கத் தேவையில்லாத சிகிச்சையைப் பற்றியே பயம் இருக்கிறது. லாப நோக்கு அங்கே மட்டும் கை வைப்பதில்லை. செலவைக் குறைக்கிற இடத்திலும் வைக்கிறது. அது பில்லில் தெரியாது. மருத்துவமனையில் சேருபவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்குச் சிகிச்சையாலேயே ஏதாவது ஒரு பாதிப்பு வருகிறது, அதில் பாதிக்கு மேல் தவிர்க்கக் கூடியது என்கிறது உலக சுகாதார நிறுவனம். மாறிப்போன மருந்து, கை கழுவாததால் வந்த தொற்று, கவனிக்க ஆளில்லாமல் கட்டிலிலிருந்து விழுவது, இப்படிச் சாதாரணமானவை. செவிலியர் ஒருவருக்குக் கூடுதலாக ஒரு நோயாளியை ஒதுக்கினால், அறுவை சிகிச்சை நோயாளிகள் 30 நாளில் இறக்கும் வாய்ப்பு சுமார் 7 சதவீதம் கூடுகிறது என்று 2002-ல் அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. ஐரோப்பாவில் 2014-ல் வந்த ஆய்விலும் இதே அளவு. தனியார் முதலீட்டு நிறுவனங்கள் வாங்கிய அமெரிக்க மருத்துவமனைகளில் இத்தகைய பாதிப்புகள் சுமார் 25 சதவீதம் கூடியதாக 2023-ல் இன்னொரு ஆய்வு.

எதிர்ப்பக்கத்தில், உலக சுகாதார நிறுவனத்தின் அறுவை சிகிச்சைச் சரிபார்ப்புப் பட்டியல் வெறும் 19 வரிகள். நோயாளி இவர்தானா, எந்தப் பக்கம், அலர்ஜி உண்டா, ஆன்டிபயாடிக் போட்டாயிற்றா என்று உரக்கக் கேட்டு உறுதி செய்வது. எட்டு நகரங்களில் முயன்று பார்த்து 2009-ல் வெளியிட்டபோது, மரணம் 1.5 சதவீதத்திலிருந்து 0.8-க்கு இறங்கியிருந்தது. இதை விற்க எந்த கம்பெனியும் வராது. அதனால்தான் மருத்துவமனை விளம்பரங்களில் இயந்திரம் இருக்கும், இந்தப் பட்டியல் இருக்காது.

அப்பாவை எங்கே சேர்ப்பதானாலும் லாபியின் பளிங்கைப் பார்க்காதீர்கள். இரவில் அந்த வார்டில் எத்தனை செவிலியர், எத்தனை நோயாளி என்று கேளுங்கள். இரவில் மருத்துவர் மாடியில் இருப்பாரா, போனில் இருப்பாரா என்று கேளுங்கள். டிஸ்சார்ஜ் அன்று பழைய மாத்திரைப் பட்டியலையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எது தொடர்கிறது, எது நின்றது என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள்.

படத்தை வெளியிடலாமா?

வேண்டாம். முதல் காரணம் உங்கள் தோழி. அந்த அட்டவணை எத்தனை பேர் கைக்குப் போயிருக்கும்? யார் வெளியே அனுப்பினார் என்று நிர்வாகம் ஒரு நாளில் கண்டுபிடித்துவிடும். அவருடைய வேலையைப் பணயம் வைத்து நீங்கள் முடிவெடுக்கக் கூடாது. இரண்டாவது, அந்த மருத்துவர் பெயரைப் போட்டு “ஏமாற்றுக்காரர்” என்று எழுதினால், அவதூறு வழக்கில் நிரூபிக்க வேண்டிய பொறுப்பு உங்கள் தலையில் விழலாம். அட்டவணை அதை நிரூபிக்காது.

உங்கள் கையில் அதைவிட உறுதியான விஷயம் இருக்கிறது. மேஜையில் ஒரு நோயாளியை வைத்துக்கொண்டு, மாற்று வழியைச் சொல்லாமல், பத்து நிமிட கெடு வைத்துக் கையெழுத்துக் கேட்டது. ஒப்புதல் என்றால் கையெழுத்து மட்டுமில்லை. பிரிட்டன் உச்ச நீதிமன்றம் 2015-ல் மான்ட்கோமரி வழக்கில், நோயாளியின் இடத்தில் இருக்கும் ஒருவர் முக்கியமென்று கருதக்கூடிய அபாயங்களையும் மாற்றுச் சிகிச்சைகளையும் சொல்ல வேண்டியது மருத்துவரின் கடமை என்று தெளிவாகச் சொன்னது. சட்டம் நாட்டுக்கு நாடு மாறும், ஆனால் பெரும்பாலான இடங்களில் மருத்துவ நெறி இந்தத் திசையில்தான் இருக்கிறது. ஆகவே என்ன நடந்தது என்பதைத் தேதி, நேரம், சொன்ன வார்த்தைகளோடு ஒரு பக்கத்தில் எழுதி மருத்துவமனையின் மருத்துவ இயக்குநருக்கு அனுப்புங்கள். உணர்ச்சிகரமான வார்த்தைகள் வேண்டாம். எழுத்தில் பதில் கேளுங்கள். கூடவே முழு கேஸ் ஷீட்டின் நகலும் கேளுங்கள். பதில் வரவில்லை, மழுப்புகிறார்கள் என்றால் மருத்துவர்களைப் பதிவு செய்யும் கவுன்சில் இருக்கிறது. தோழியின் படம் இல்லாமலே இந்தப் புகார் நிற்கும்.

கடைசியாக ஒன்று. ஒருவேளை ஸ்டென்ட் வைப்பதென்று முடிவானால், அதற்குப் பிறகு தரும் இரண்டு ரத்த உறைவுத் தடுப்பு மாத்திரைகளில் எதையும், பல் பிடுங்கவோ வேறு எதற்கோ என்று யார் சொன்னாலும், இதய மருத்துவரைக் கேட்காமல் ஒரு நாள் கூட விடக் கூடாது. விட்டால் ஸ்டென்டுக்குள்ளேயே ரத்தம் உறைந்து மாரடைப்பு வரலாம். எத்தனை மாதம் என்பதை எழுதி வாங்குங்கள். உள்ளே வைத்த ஸ்டென்டின் தயாரிப்பாளர், மாடல், வரிசை எண் உள்ள அட்டையையும் கேட்டு வாங்கி அப்பாவின் பர்ஸில் வையுங்கள். 2010-ல் ஒரு வகைச் செயற்கை இடுப்பு மூட்டு உலகம் முழுக்கத் திரும்பப் பெறப்பட்டபோது, அதைப் பொருத்திக்கொண்டவர்கள் சுமார் 93,000 பேர். உள்ளே இருப்பது எந்த மாடல் என்று தெரிந்தவர்களால்தான் அடுத்து என்ன செய்வது என்று உடனே கேட்க முடியும்.